காணாமை இன்மை ஆகுமா? வளர்ப்பு முயலின் நோயும் அருளறமும்

எக்காலத்தும் இல்லாத பொருளுக்கு இந்தியத் தருக்க நூல்கள் காட்டும் வழக்கமான எடுத்துக்காட்டுகளுள் முயற்கொம்பும் ஒன்று. வடமொழியில் சசவிடாணம் எனப்படும் இதனை ஆகாயப்பூவோடும் மலடி மகனோடும் சேர்த்து எண்ணுவது மரபு. முயலுக்குக் கொம்பு இல்லை என்று துணிவதற்கு அதன் தலையைப் பார்த்தால் போதும். கொம்பு இருந்தால் அது கண்ணுக்குத் தெரிந்தே தீரும். அதே முயலுக்கு நோவு இல்லை என்று துணிவதற்கும் அதைப் பார்த்தாலே போதுமா என்பது வேறு வினா. வீட்டில் முயல் வளர்ப்போர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதி, கத்தாமலும் முனகாமலும் மூலையில் அமைதியாக அமர்ந்திருக்கும் முயலை நலமாக இருப்பதாகவே நம்பிவிடுகின்றனர்; அந்நம்பிக்கை தகரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. அன்பு இருந்தும் அறிவு இல்லாத இடத்தில் ஓர் உயிருக்கு நேரும் இத்துன்பத்தை அறநூல்களின் நோக்கில் எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதலில், எந்த முயல் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் ஒரே சொல்லால் வழங்கப்பட்டாலும் இவை இரு வேறு விலங்குகள். சங்கப் பாடல்களில் முல்லைக் காட்டுப் புதர்களிடையே துள்ளி ஓடுவது இந்நாட்டுக் காட்டுமுயல். அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் வெட்டவெளியிலேயே பிறப்பது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பது குற்றம். வீடுகளில் வளர்வதோ ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையான ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட வளைமுயல். அது மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. குட்டிகள் உரோமமின்றி, கண் மூடியபடி பிறப்பவை. இன்று தமிழ்நாட்டு வீடுகளில் காணப்படும் வெள்ளை முயலும் சாம்பல் முயலும் இவ்வகையினவே. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை வளர்ப்பதற்கு அம்மலையின் குளிர் துணைநிற்கிறது. சென்னையின் அடுக்குமாடி வீட்டு மாடத்திற்கு அந்தக் குளிர் கிடையாது. தன் வளையையும் கூட்டத்தையும் தட்பவெப்பத்தையும் இழந்து, உண்பது முதல் மூச்சுவிடுவது வரை மனிதனை நம்பி நிற்கும் நிலைக்கு இவ்வுயிர் கொண்டுவரப்பட்டிருக்கிறது. எனவே அதன்பால் வளர்ப்போருக்கு உள்ள கடமை விருப்பத்தின் பாற்பட்ட ஈகையாகாது. அந்நிலையை உண்டாக்கியதால் ஏற்பட்ட கடனாகும்.

வளைமுயல் நோவை மறைப்பதற்குக் காரணம் அதன் இயற்கையிலேயே உள்ளது. நரியும் பருந்தும் கீரியும் வேட்டையாடும் நிலத்தில், நொண்டுவதாகவோ தளர்ந்ததாகவோ தோன்றும் முயலே முதலில் குறிவைக்கப்படும். ஆகவே நோயுற்ற நிலையிலும் நோயற்றதைப் போல இருப்பது அதன் உடலில் ஊறிய தற்காப்பு. உயிர் போகும் அச்சத்தில் மட்டும் வீறிடுவதைத் தவிர, வலிக்காக அது குரலெழுப்புவது அரிது. இதனினும் ஆழமாக மனிதரை ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. முயலை மல்லாத்திப் பிடித்தால் சில நொடிகளில் அது கால்களை மேலே நீட்டியபடி அசைவற்றுக் கிடக்கும். வளர்ப்போர் இதைச் சுகமான உறக்கம் என்று எண்ணி வயிற்றை வருடிக் கொடுப்பதும், படம் எடுத்து மகிழ்வதும் உண்டு. உண்மையில் அது வேட்டை விலங்கின் பிடியில் சிக்கிய உயிர் தப்பும் கடைசி வழியாக மேற்கொள்ளும் விறைப்பு நிலை என்றும், அப்போது முயலின் உடலில் காணப்படுவன அச்சத்தின் குறிகளே என்றும் ஆய்வாளர் விளக்கியுள்ளனர். பார்ப்பவர் கண்ணில் அமைதியாகத் தோன்றுவது அந்த உயிரின் பேரச்சமாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஐரோப்பியத் தத்துவம் இவ்வினாவை நெடுங்காலம் பேச்சோடு பிணைத்தே அணுகியது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த் 1637இல் வெளியிட்ட ‘முறை பற்றிய சொற்பொழிவு’ என்னும் நூலில், மொழியால் எண்ணத்தை வெளியிட இயலாமையை விலங்குகளுக்குப் பகுத்தறிவு இல்லை என்பதற்குச் சான்றாகக் கொண்டு, அவற்றின் செயல்களைச் சக்கரங்களாலும் சுருள்வில்லாலும் ஓடும் கடிகாரத்தின் இயக்கத்தோடு ஒப்பிட்டார். ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பெந்தாம் 1789இல் வெளிவந்த தம் நூலில் இவ்வழக்கைத் திருப்பிப்போட்டார்; பேசுமா, பகுத்தறியுமா என்பவை கேட்கத் தக்க வினாக்கள் ஆகா என்றும், துன்புறுமா என்பதே வினா என்றும் அவர் வாதிட்டார். பெந்தாமின் வாதம் வலியது. ஆயினும் துன்பம் கருதத்தக்கது என்பதை நிறுவியதோடு அது நின்றுவிடுகிறது. வெளிக்காட்டப்படாத துன்பத்தை அறிவது எப்படி என்பதை அவர் ஆராயவில்லை. முயல் வளர்ப்போருக்கு அன்றாடம் வேண்டியது இந்த இரண்டாம் வினாவுக்கான விடையே. அதற்கு இந்திய அளவை நூல்களிடம் செல்வது பயனுடையது.

அளவை என்பது உண்மையை அறிய உதவும் வழி. வடமொழியில் பிரமாணம் என்பர். காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றையும் பலரும் ஏற்பர். மணிமேகலையின் 27ஆம் காதை பல அளவைகளை வரிசைப்படுத்தும்போது அபாவம் என்பதையும் அவற்றுள் ஒன்றாகக் கூறுகிறது. இன்மையை அறிவதற்கான வழி அது. குமாரிலபட்டரைப் பின்பற்றும் மீமாம்சகரும் அத்துவைதிகளும் இதனை அனுபலப்தி, அதாவது காணாமை, என்னும் தனி அளவையாகக் கொள்வர். தரையில் குடம் இல்லை என்பதை, அங்கே குடத்தைக் காணாமையால் அறிகிறோம் என்பது அவர்தம் விளக்கம். ஆனால் எல்லாக் காணாமையும் இன்மையைக் காட்டிவிடாது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்து, யோக்கியம் என்னும் நிபந்தனை ஒன்றை விதித்தனர். ஒரு பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் சூழ்நிலையில் காணாமை நேர்ந்தால் மட்டுமே அது இல்லை என்று முடிவு செய்யலாம். இருட்டறையில் குடத்தைக் காணாதவர் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. முயலின் கொம்பு வெளிச்சத்தில் தேடப்படும் குடம். முயலின் நோவு இருட்டறைக் குடம். அதன் இயற்கையே வலியை மறைப்பதாக இருக்கும்போது, வலி தெரியவில்லை என்பதை வலி இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது அளவை வழுவாகும். அவ்வழு ஓர் உயிரின்மேல் நிகழ்வதால் அற வழுவும் ஆகும்.

காட்சி உதவாத இடத்தில் கருதல் அளவையே துணை. மணிமேகலை இதனைப் பொது, எச்சம், முதல் என மூவகைப்படுத்தி, ஆற்றில் பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மேலிடத்தில் மழை பெய்ததை உணர்வதை எச்சத்திற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. விளைவிலிருந்து காரணத்தை உணர்வது எச்சம். எஞ்சியது என்னும் பொருளுடைய அச்சொல்லே தமிழில் பறவைகளின் கழிவையும் குறிப்பது இங்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஏனெனில் முயலின் உடல்நிலையைப் பிறழாமல் உரைக்கும் விளைவு அதன் புழுக்கைதான். நலமாக உள்ள முயல் ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட புழுக்கைகளை இடும். அவை கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, ஒன்றுபோல் இருக்கும். விரலால் நசுக்கினால் பொடித்த வைக்கோல்போல் உதிரும். அளவு சிறுத்து, கறுத்து, கடினமானால் நார்ச்சத்தோ நீரோ குறைந்து குடல் மெதுவாகிறது என்று அறியலாம். நூலில் கோத்த மணிகள்போல் உரோமத்தால் இணைந்து வந்தால் முயல் தன்னை நக்கும்போது விழுங்கிய மயிர் குடலில் மிகுந்துள்ளது. கூண்டின் தட்டில் காலையில் புழுக்கையே இல்லாதிருந்தால், மேலே முயல் எவ்வளவு அழகாக அமர்ந்திருந்தாலும், உள்ளே வெள்ளம் நின்றுவிட்டது என்று பொருள்.

புழுக்கையில் இரு வகை உண்டு என்பதையும் வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டும். முயலின் குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் மென்மையான, பளபளப்பான, திராட்சைக் கொத்துப் போன்ற மற்றொரு வகையை அது பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ ஆசனவாயிலிருந்தே நேரடியாக வாங்கி உண்ணும். புரதமும் பி வகை உயிர்ச்சத்துகளும் அதற்கு இவ்வழியாகவும் கிடைக்கின்றன. இதனை அருவருத்துத் தடுப்பது அறியாமை. இந்த மென்புழுக்கை உண்ணப்படாமல் கூண்டில் ஒட்டிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். உடல் பருத்தோ முதுகு வலித்தோ குனிய முடியாமல் இருக்கலாம், அல்லது மாவுச்சத்து மிகுந்த தீவனம் கொடுக்கப்பட்டிருக்கலாம்.

முகமும் ஓரளவு பேசும். காதில் அடையாளம் பச்சை குத்தப்படும் முயல்களின் வலியை ஆராய்ந்தவர்கள் 2012இல் வெளியிட்ட முகக்குறி அளவுகோல் ஐந்து உறுப்புகளைக் கவனிக்கச் சொல்கிறது. கண் சுருங்குதல், கன்னம் தட்டையாதல், மூக்குத் துளை கூராதல், மீசை மயிர் விறைத்தல், காது குழல்போல் ஒடுங்கிப் பின்சாய்தல் என்னும் ஐந்தையும் தனித்தனியே 0 முதல் 2 வரை மதிப்பிட்டுக் கூட்டினால் வலியின் கடுமையை உணரலாம். பற்களை மெல்ல உராயும் ஒலி மகிழ்ச்சியைக் குறிப்பதும், அதே பற்களை உரக்க நெரிப்பது வலியைக் குறிப்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. ஒரே உறுப்பின் ஒலி இரு முரண்பட்ட பொருள்களைத் தரும்போது, பொருளை முடிவு செய்வது முயலோடு நாள்தோறும் பழகியவரின் செவிதான்.

இவ்வாறு கற்று அறிவதற்கும் அருளுக்கும் என்ன உறவு என்னும் இடத்தில் இராமலிங்க வள்ளலாரை (1823–1874) நாட வேண்டும். அருள் என்பது தானே சுரக்கும் உணர்ச்சி, அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை என்பது பொதுவான எண்ணம். ஆனால் வள்ளலார் தம் சீவகாருணிய ஒழுக்கத்தில், பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்னும் ஏழினால் உயிர்களுக்கு நேரும் துன்பத்தைச் சொல்லும்போது, அது நேரிட்டதைக் கண்டபோது மட்டுமன்றி, நேரிட்டது என்று அறிந்தபோதும், இனி நேரிடும் என்று அறிந்தபோதும் ஆன்ம உருக்கம் உண்டாதலைக் குறிக்கிறார். கண்டு உருகுவது எவருக்கும் இயலும். அறிந்து உருகுவதும், வருமுன் அறிந்து உருகுவதும் அறிவின்றி நிகழா. பிற உயிர் துன்புறக் கண்டும் சிலர் உருகாதிருப்பது ஏன் என்னும் வினாவுக்கு அவர் தரும் விடையிலும், ஆன்ம அறிவு கண்ணாகவும் மனம் முதலிய கருவிகள் மூக்குக் கண்ணாடிகளாகவும் உருவகிக்கப்படுகின்றன. கண் மழுங்கினாலும் கண்ணாடி தடித்தாலும் பார்வை கெடும். முயலைப் பொறுத்தவரை மேலே சொன்ன குறிகளைக் கற்பது கண்ணாடியைத் துடைப்பதற்கு ஒப்பாகும். திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரமும் பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் போற்றாத அறிவினால் பயனில்லை என்றே கருதுகிறது. அருளின் நிறைவை அறிவின் பயனாக அது வைப்பது நோக்கத்தக்கது.

வள்ளலார் அவ்வேழனுள்ளும் பசியையும் கொலையையும் நீக்குவதை உயர்ந்த சீவகாருணியமாக வைத்து, 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். பசியும் பிணியும் வெவ்வேறு என்பது மனிதரைப் பற்றிய அளவில் தெளிவு. முயலிடத்தில் அவ்வெல்லை அழிந்துவிடுகிறது. முயலின் வயிறும் குடலும் ஓயாமல் இயங்க வேண்டியவை. முயலால் வாந்தி எடுக்க இயலாது. உணவு உள்ளே தொடர்ந்து செல்வதே உள்ளிருப்பதை நகர்த்தும் விசை. பல் வலி, இடம் மாற்றம், இணை முயலின் இழப்பு, வெப்பம், நார்ச்சத்துக் குறைவு ஆகியவற்றுள் எது காரணமாயினும் முயல் உண்பதை நிறுத்தினால் குடல் தளர்கிறது. குடல் தளர்ந்தால் உள்ளிருப்பது உலர்ந்து இறுகி, காற்று சேர்ந்து வலிக்கிறது. வலியால் மேலும் உண்ண மறுக்கிறது. வயிறு நிரம்பியிருக்கையிலேயே அவ்வுயிர் பட்டினியால் இறக்கிறது. கால்நடை மருத்துவர்கள் குடல் தேக்கம் எனக் குறிப்பிடும் இந்நிலையில் 12 மணி நேரம் உண்ணாதிருப்பதே அவசர நிலை. நாய்க்கும் பூனைக்கும் ஒரு வேளைப் பட்டினி மருந்தாகலாம். முயலுக்கு அது நஞ்சு. அறுவைக்கு முன்பும் அதைப் பட்டினி போடுவதில்லை.

இந்நோய்க்கு மருத்துவர் வலிநீக்கி மருந்தும், தோலுக்கடியில் நீரும், தேவையானால் குடலை இயக்கும் மருந்தும் தருவார். வயிறு பறைபோல் உப்பி இறுகியிருந்தால் அடைப்பு இருக்கக்கூடுமாதலால், மருத்துவர் பார்க்கும்வரை வாயில் எதையும் திணிக்கக் கூடாது. அடைப்பு இல்லை என்று உறுதியான பின் வீட்டில் செய்ய வேண்டிய பணி, உண்ணாத உயிருக்கு உணவூட்டுவது. நார் மிகுந்த தூளை வெந்நீரில் குழைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, முயலைத் துண்டில் சுற்றி மடியில் நிமிர்ந்த நிலையில் இருத்தி, வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தின் வழியாக வாயின் பக்கவாட்டில் நுழைத்து, ஒரு தடவைக்கு ஒரு மில்லிலிட்டர் அளவே விட்டு, அது மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். தலையை மேல்நோக்கித் தூக்கியோ அவசரப்பட்டோ ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். சில மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும், இரண்டு மூன்று நாள் இவ்வாறு செய்ய நேரலாம். தாடையில் வழிந்ததைத் துடைப்பதும், காது சில்லிட்டிருந்தால் துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைப்பதும், நள்ளிரவில் விழும் முதல் புழுக்கைக்காகக் காத்திருப்பதும் இப்பணியின் பகுதிகள். தருமச்சாலையின் அடுப்புக்குப் பின்னால் உள்ள கருத்தும் இச்சிறு சிரிஞ்சுக்குப் பின்னால் உள்ள கருத்தும் ஒன்றே எனக் கூறுவது மிகையாகாது.

நோய் வந்தபின் காட்டும் இரக்கத்தைவிட, வராமல் காக்கும் விழிப்பை அறத்தின் நடுவில் வைத்த சிறப்பு சமணத்திற்கு உரியது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிர்ப்புக்கு ஊறு செய்வது என்கிறது. கொல்லும் எண்ணம் இல்லாதிருந்தால் போதாது; கருத்தின்மையே இம்சையின் வேர் என்பது இதன் பொருள். இல்லறத்தாரின் கொல்லாமை நோன்புக்கு நேரும் ஐந்து குற்றங்களாகக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் ஆகியவற்றை அந்நூல் எண்ணுகிறது. உழவு மாட்டையும் சுமை விலங்கையும் நினைவூட்டும் இப்பட்டியல் வீட்டு முயலுக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது.

முயலின் பாதத்தில் நாய்க்கும் பூனைக்கும் உள்ளது போன்ற மெத்தைத் தசை கிடையாது. உரோமமே அதற்குக் காலணி. கம்பித் தரையுள்ள கூண்டில் நாள் முழுதும் அடைக்கப்பட்டால் அவ்வுரோமம் தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகி, எலும்புவரை சீழ் பிடிக்கும். சிறுநீர் ஊறிய படுக்கையில் ஈ மொய்த்துப் புழு வைத்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். இது கட்டிவைத்தல் என்னும் குற்றம். உணவு மறுத்தல் என்பதையும் தட்டு காலியாக இருப்பது என்று மட்டும் கொள்ளலாகாது. முயலுக்கு 28 பற்கள். அவை வாழ்நாள் முழுதும் வளர்பவை, வெட்டுப்பற்கள் வாரத்திற்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கும். உலர்புல்லும் அறுகம்புல்லும் உணவின் பெரும்பகுதியாக இருக்க வேண்டிய இடத்தில் கேரட், பிஸ்கட், சோறு, வாழைப்பழம் என்று அன்போடு கொடுக்கப்படும் தட்டு நிறைந்திருந்தாலும், அம்முயலுக்கு உணவு மறுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். கடைவாய்ப்பற்கள் கூராகி நாக்கைக் கிழிக்கும். எச்சில் ஒழுகி மோவாய் ஈரமாகும். பிறகு குடல் தேக்கம் தொடரும். அகத்தியும் முருங்கையும் குதிரைமசாலும் சுண்ணாம்புச் சத்து மிக்கவையாதலால், வளர்ந்த முயலுக்கு அவற்றை அளவோடுதான் தர வேண்டும். மிகுந்தால் சிறுநீர்ப்பையில் மணல்போல் படியும்.

வெப்பத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முயலுக்கு வியர்வை அநேகமாக இல்லை. காதுகளே அதன் வெப்பப் போக்கி. 30 டிகிரி செல்சியசைக் கடந்தால் இடர் தொடங்குகிறது. அக்கினி நட்சத்திர நாள்களில் தகரக் கூரையின்கீழ் முயலை வைத்துவிட்டு வெளியூர் செல்வது, மேற்சொன்ன வரையறையின்படி, இம்சையே.

விழிப்பின்மை மருந்தின் வடிவிலும் வரும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குருட்டுக்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெருகி, அம்முயல் இறக்கக்கூடும். நாயின் உண்ணிக்குத் தடவப்படும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. வீட்டில் மீந்த மாத்திரையை இரக்கத்தால் பொடித்துக் கொடுத்துக் கொன்றவரை இரக்கமுள்ளவர் என்று அழைப்பதா, பிரமாதம் உள்ளவர் என்று அழைப்பதா என்னும் வினாவுக்குச் சமணம் தயங்காமல் விடை கூறும். அவ்விடை கடுமையானது, ஆனால் சரியானது.

உறுப்பறுத்தல் என்னும் குற்றம் மட்டும் சிக்கலை எழுப்புகிறது. கருப்பை அகற்றப்படாத பெண் முயல்களில் வயது நான்கைக் கடந்தபின் கருப்பைப் புற்று மிகப் பரவலாகத் தோன்றும். சில இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அது காணப்பட்டுள்ளது. நலமாக உள்ள உயிரைக் கத்திக்கு உட்படுத்துவது பழைய பட்டியலின் சொல்லளவில் குற்றம். எனினும் அப்பட்டியல் தடுக்க முயல்வது உயிரைத் தன் பயனுக்காகச் சிதைப்பதை. அவ்வுயிரின் பயனுக்காக, வரவிருக்கும் துன்பத்தை அறிந்து, முயலுக்கு மயக்க மருந்து தருவதில் பயிற்சியுள்ள மருத்துவரிடம் செய்விக்கும் அறுவையைச் சொல்லை விடுத்துப் பொருளைக் கொண்டு ஏற்பதே தகும். நேரிடும் என்று அறிந்து உருகுவது என்னும் வள்ளலாரின் மூன்றாம் நிலை இங்குதான் செயலாகிறது.

மனித இனம் இவ்விலங்கிடம் பட்டிருக்கும் கடனையும் மறக்கலாகாது. 1885 சூலையில் பாஸ்டர் வெறிநாய்க்கடிக்கு முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு ஏற்றிய மருந்து, நோயூட்டப்பட்ட முயல்களின் தண்டுவடத்தை உலர்த்தி ஆக்கப்பட்டது. 1944 முதல் கண்ணெரிச்சல் சோதனைக்காக அழகுப் பொருள்கள் ஊற்றப்பட்டவை முயல்களின் கண்களே. இந்தியா அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனைகளை 2014இல்தான் தடை செய்தது. சென்னைக் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகத் தொடங்கிவைத்த முயற்சியின் விளைவான 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அதன் நலத்தைப் பேணவும் தேவையற்ற துன்பத்தைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்று 3ஆம் பிரிவில் விதிக்கிறது. அறநூல் சொன்ன கடமையைச் சட்டமும் ஏற்றுக்கொண்ட இடம் அது.

இறுதியாக எஞ்சுவது, தீராத நோயில் முயலின் உயிரை வலியின்றி முடிக்கலாமா என்னும் வினா. சமணர் ஆதரவில் நடக்கும் பிஞ்சராபோல் என்னும் விலங்குக் காப்பகங்கள், நோயுற்ற விலங்கையும் இயற்கையாக உயிர் பிரியும்வரை பேணும் நெறியுடையவை. பிற உயிரின் இறுதி நாளை முடிவு செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்பதும், துன்பமும் வினையின் பயனாதலால் இடையில் அறுத்தால் அது தீராது என்பதும் அந்நெறியின் அடிப்படை. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வேதனையில் கிடந்த கன்று ஒன்றை மருத்துவரைக் கொண்டு ஊசியின் மூலம் உயிர் நீங்கச் செய்த காந்தியடிகள் இதற்கு மாறான நிலையை மேற்கொண்டார். கண்டனக் கடிதங்கள் குவிந்தபோது, நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் எழுதி, அறுவை மருத்துவரின் கத்தி இம்சை ஆகாதது போல, வேறு வழியே இல்லாத நிலையில் துன்புறும் உயிரின் நன்மையை மட்டும் கருதிச் செய்ததும் இம்சை ஆகாது என்று வாதிட்டார். 1960ஆம் ஆண்டுச் சட்டமும் உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலை ஒன்று உண்டு என்பதை 13ஆம் பிரிவில் ஒப்புக்கொள்கிறது.

இவ்விரண்டுள் காந்தியடிகளின் நிலையே முயலுக்குப் பொருந்துவது. வினைக் கொள்கையை நம்புவோர்கூடப் பிற உயிரின் வினையைத் தாம் கணக்கிட்டுத் துன்பத்தைத் தொடரவிட உரிமையுடையவர் ஆகார். ஆனால் பிஞ்சராபோல் நெறியின் எச்சரிக்கை ஒன்றைக் கைவிடலாகாது. நோயைப் பார்க்கச் சகியாத தன் துயரை முடிப்பதற்கும் முயலின் துன்பத்தை முடிப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை, முடிவெடுப்பவர் தம்மிடமே கண்டிப்பாகக் கேட்டுத் தெளிய வேண்டும். தலை ஒருபுறம் சாய்ந்து, நேரே நடக்க இயலாமல் சுழலும் முயல் பார்ப்பதற்குப் பெருந்துயரம் தருவது. என்செபாலிட்டோசூன் என்னும் நுண்ணுயிரியாலோ உட்செவி நோயாலோ வரும் அந்நிலையில் பல முயல்கள் சாய்ந்த தலையோடே உண்டு, துணையோடு கூடி, ஆண்டுகள் பல வாழ்கின்றன. மாறாக, எலும்புவரை பரவிய பற்சீழோடு, அசையாமல், கண் சுருங்கி அமர்ந்திருக்கும் முயல் பார்வைக்கு அமைதியாகவே தோன்றும். உண்கிறதா, தன்னை நக்கித் தூய்மை செய்கிறதா, துணையை நாடுகிறதா, வலிநீக்கிக்கு அதன் முகம் தளர்கிறதா என்பவற்றை நாள்தோறும் குறித்துவைத்து, மருத்துவரின் கருத்தோடு சேர்த்து முடிவெடுப்பதே முறை.

இணையாக வாழ்ந்த முயல்களுள் ஒன்று இறந்தால், அதன் உடலைச் சிறிது நேரம் மற்றதன் அருகில் விட்டுவைக்க வேண்டும் என்று முயல் மருத்துவத்தில் பயின்றோர் அறிவுறுத்துகின்றனர். அது முகர்ந்து பார்க்கும். சில வேளை உடலை நக்கிவிடும். சில வேளை அருகிலேயே படுத்துக்கொள்ளும். அதன்பின் அதுவும் உண்பதை நிறுத்திவிடக்கூடும். ஆகவே புதைத்துவிட்டு வந்தவர் தம் துயரிடையேயும் மறுநாள் விடிந்ததும் கூண்டுத் தட்டை வெளியே இழுத்து, எஞ்சியுள்ள முயலின் புழுக்கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.